அன்னை இரமாபாயின் மறைவும் அண்ணலின் புதிய பாதையும்

நம் கல்விக் கழகம் இருபத்தைந்து ஆண்டுகளை நிறைவு செய்து வெள்ளி விழாக் காணும் இவ்வேளையில், வெளிவரும் மலரில் அண்ணல் அம்பேத்கரின் வரலாறு இடம்பெறுதல் முறையே. அரசமைப்புச் சட்டத்தின் வரைவுக் குழுவிற்கு அவர் தலைமை தாங்கியதையும், மகாடு குளத்தில் நீர் அருந்திக் காட்டியதையும், நாகபுரியில் பௌத்தம் தழுவியதையும் நம் மாணவர்கள் பாடநூல்களில் பயின்றுள்ளனர். மேடைதோறும் கேட்டும் உள்ளனர். அவற்றை மீண்டும் அடுக்கி உரைப்பது இங்கு நம் நோக்கமன்று. அவருடைய வாழ்வில் ஓர் ஆண்டினை நடுவாக வைத்து, அதற்கு முன்னும் பின்னும் நிகழ்ந்தவற்றைக் காண விழைகின்றோம்.

அவ்வாண்டு 1935. மே மாதம் 27-ஆம் நாள் அண்ணல் தம் துணைவியார் இரமாபாயை இழந்தார். அக்டோபர் மாதம் 13-ஆம் நாள், தாம் பிறந்த மதத்தைவிட்டு வெளியேறும் முடிவினை உலகறிய அறிவித்தார். இரண்டிற்கும் இடையே இருந்தவை நான்கரை மாதங்களே. வீட்டில் நேர்ந்த துயருக்கும் நாட்டை உலுக்கிய அறிவிப்பிற்கும் தொடர்பு உண்டா என்று கேட்பது வீண் ஆராய்ச்சி அன்று. துயரம் வந்துற்றபோது மனிதன் என்ன செய்ய வேண்டும் என்பதற்கு அதில் நமக்கு விடை இருக்கின்றது.

இக்கேள்வி நம் வட்டாரத்தாருக்குப் புதியதும் அன்று. செண்பகத்தோப்பின் மலையடிவாரத்திலும், திருவில்லிபுத்தூர், இராசபாளையம் சுற்றுப்புறங்களிலும், தோட்டக் கூலியாகவும் பஞ்சாலைத் தொழிலாளராகவும் உழைத்துப் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் குடும்பங்களில், தாயோ தந்தையோ இடையில் மறைந்தால் முதலில் நின்றுபோவது பிள்ளையின் படிப்புத்தான். அண்ணலின் வாழ்வை அந்த வீடுகளின் திண்ணையிலிருந்து நோக்குவோம்.

இழப்புகளின் நடுவே வளர்ந்தவர்

அண்ணல் 1891-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள், மத்திய இந்தியாவிலுள்ள மாவ் என்னும் படைமுகாம் நகரில், பெற்றோரின் பதினான்காவது குழந்தையாகப் பிறந்தார். தந்தையார் இராம்ஜி சக்பால் படையினருக்கான பள்ளியில் தலைமையாசிரியராகவும் சுபேதாராகவும் விளங்கியவர். பீமாபாய் அன்னையார் மறைந்தபோது சிறுவன் பீமனுக்கு வயது ஐந்து அல்லது ஆறுதான் இருக்கும். உடற்குறையுடைய அத்தை மீராபாயே பிள்ளைகளை அணைத்து வளர்த்தார்.

தந்தையார் பெற்ற ஓய்வூதியம் சொற்பம். எனினும் மகன் விரும்பிய நூலை வாங்கித் தராமல் இருக்க அவரால் இயலவில்லை. கையில் பணம் இல்லாதபோது, மணமாகிச் சென்ற மகளிடம் நகையை இரவலாகப் பெற்று, அடகு வைத்து நூல் வாங்குவார். ஓய்வூதியம் வந்ததும் மீட்டுக் கொடுப்பார். பிற்காலத்தில் பல்லாயிரம் நூல்களைத் திரட்டிய பேரறிஞரின் முதல் நூல்கள் அடகுக் கடையின் வழியே வந்தவை என்பதை நம் மாணவர்கள் அறிதல் நன்று.

1907-ஆம் ஆண்டு அவர் மெட்ரிகுலேசன் தேறியபோது பாராட்டுக் கூட்டம் நடைபெற்றது. அக்கூட்டத்தில் கிருஷ்ணாஜி கேளுஸ்கர் என்னும் ஆசிரியர், தாம் மராத்தியில் எழுதிய புத்தர் வரலாற்று நூலை இளைஞருக்குப் பரிசாக அளித்தார். அரை நூற்றாண்டுக்குப் பின்னர்ப் பயன்தரவிருந்த ஒரு விதை அன்று ஊன்றப்பட்டது.

1913-ஆம் ஆண்டு சனவரியில், பட்டம் பெற்ற அம்பேத்கர் பரோடா அரசின் பணியில் சேர்ந்தார். சேர்ந்த சில நாட்களிலேயே தந்தையார் நோயுற்ற செய்தி தந்தியில் வந்தது. விரைந்து புறப்பட்டவர், தந்தைக்கு இனிப்பு வாங்க எண்ணிச் சூரத்து நிலையத்தில் இறங்கினார். அதற்குள் இரயில் புறப்பட்டுவிட்டது. மறுநாள்தான் பம்பாய் வந்து சேர முடிந்தது. மகன் முகத்தைக் கண்டு, முதுகைத் தடவிக் கொடுத்த பின்னரே அந்த முதியவரின் உயிர் பிரிந்தது. அது பிப்ரவரி 2-ஆம் நாள். அவ்வாண்டு சூலையில், பரோடா மன்னரின் உதவித்தொகையைப் பெற்று, அம்பேத்கர் அமெரிக்காவின் கொலம்பியாப் பல்கலைக்கழகம் சென்றார். இழப்பை அடுத்து ஒரு பெரும் புறப்பாடு நிகழ்வதனை அவர் வாழ்வில் முதன்முறையாக இங்குக் காண்கிறோம்.

பைக்குலாச் சந்தையில் ஒரு திருமணம்

அன்னை இரமாபாய் கொங்கணக் கடற்கரையின் தபோலிப் பகுதியைச் சேர்ந்த ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தையார் தாபோல் துறைமுகத்தில் மீன்கூடை சுமந்து பிழைத்தவர். இளமையிலேயே பெற்றோர் இருவரையும் இழந்த அவர், பம்பாயில் உறவினர் ஆதரவில் வளர்ந்தார். பள்ளி செல்லும் வாய்ப்பைப் பெறாதவர். 1906-ஆம் ஆண்டளவில், மணமகனுக்கு ஏறத்தாழப் பதினைந்து வயதும் மணமகளுக்கு ஒன்பது வயதும் ஆனபோது திருமணம் நிகழ்ந்தது. குழந்தை மணம் வழக்கில் இருந்த காலம் அது. மண்டபம் ஏது? பைக்குலா மீன் சந்தையில், கடைகள் மூடிய இரவு நேரத்தில், மீன் விற்கும் கல்மேடைகளே இருக்கைகளாகவும், சந்தைக் கூரையே பந்தலாகவும் அமைய, மணம் நடந்தேறியது. பொழுது விடிவதற்குள் இடத்தைக் காலி செய்து கொடுத்தனர்.

1913 முதல் 1917 வரையிலும், பின்னர் 1920 முதல் 1923 வரையிலும் அண்ணல் கடல் கடந்த நாடுகளில் பயின்றார். கொலம்பியாவிலும் இலண்டன் பொருளியல் பள்ளியிலும் பட்டங்கள் பெற்றார், பாரிஸ்டரும் ஆனார். அவ்வாண்டுகளில் பரேலில் ஏழைத் தொழிலாளர் வாழ்ந்த குடியிருப்பின் இரண்டு சிறு அறைகளில் குடும்பத்தைக் கட்டிக் காத்தவர் இரமாபாய். சாணம் சுமந்து வறட்டி தட்டிய கைகள் அவருடையவை. இதனை மறைக்க வேண்டிய இழிவாக அண்ணல் கருதவில்லை. தாம் நடத்திய பகிஷ்கிருத பாரத் இதழில், தாம் அயல்நாட்டில் இருந்த காலத்தில் மனைவி குடும்பச் சுமையைத் தாங்கியதையும், அவர் தலையில் சாணக்கூடை சுமந்ததையும், அத்தகைய துணைவிக்கு ஒரு நாளில் அரை மணி நேரத்தைக்கூடத் தம்மால் ஒதுக்க இயலாததையும் அவரே எழுதியுள்ளார். தலைவர் ஒருவர் தம் குறையைத் தாமே ஊரறிய ஒப்புக்கொண்ட அந்த நேர்மையை நாம் போற்றுதல் வேண்டும்.

நான்கு குழந்தைகள்

இவ்விணையருக்கு ஐந்து மக்கள் பிறந்தனர். மூத்தவரான யசுவந்த் மட்டுமே நிலைத்தார். கங்காதர், இரமேசு, இந்து, இராசரத்தினம் ஆகிய நால்வரும் குழந்தைப் பருவத்திலேயே மறைந்தனர். கடைசி மகனாகிய இராசரத்தினத்தின் மீது அண்ணல் அளவிறந்த அன்பு கொண்டிருந்தார். 1926-ஆம் ஆண்டு சூலை 19-ஆம் நாள் அக்குழந்தையும் இறந்தது. அடுத்த மாதம் நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில், தம் வாழ்வின் இனிமையெல்லாம் அப்பிள்ளைகளோடு போய்விட்டதாக உள்ளம் உடைந்து அவர் புலம்பியுள்ளார்.

ஆயினும் அடுத்த ஆண்டின் நிகழ்ச்சிகளைப் பாருங்கள். 1927-இன் தொடக்கத்தில் பம்பாய் மாகாணச் சட்டசபையில் நியமன உறுப்பினராகப் பொறுப்பேற்றார். மார்ச்சு 20-ஆம் நாள் மகாடு நகரின் சவுதார் குளத்தில் ஆயிரக்கணக்கானோருடன் இறங்கி நீர் அருந்தினார். ஏப்ரலில் பகிஷ்கிருத பாரத் இதழைத் தொடங்கினார். திசம்பர் 25-ஆம் நாள் அதே மகாடில் மனுநூல் எரிக்கப்பட்டது.

மற்றொன்றையும் இங்கு நினைவுகூர்தல் பொருந்தும். 1928-ஆம் ஆண்டு சூலையில், ஆலைகளில் பணிபுரியும் பெண்களுக்குப் பேறுகால உதவி அளிக்கும் மசோதா பம்பாய்ச் சட்டசபைக்கு வந்தபோது, அண்ணல் அதனை ஆதரித்துப் பேசினார். பேறுகாலத்திற்கு முன்னும் பின்னும் தாய்க்கு ஓய்வு கிடைப்பது நாட்டுக்கே நன்மை என்று வாதிட்டார். 1938-ஆம் ஆண்டு நவம்பரில், குடும்பக் கட்டுப்பாட்டிற்கு அரசு வழிசெய்ய வேண்டும் என்னும் தீர்மானத்தை அவர் கட்சியின் உறுப்பினர் ரோகாம் சட்டசபையில் கொண்டுவந்தார். அத்தீர்மானம் தோற்றது. ஆனால் நான்கு குழந்தைகளை மண்ணுக்குக் கொடுத்த வீட்டின் துயரம், பிற தாய்மாரின் உடல்நலம் பற்றிய கவலையாக மலர்ந்தது என்று நாம் கருதுவதில் தவறில்லை.

பண்டரிபுரம் செல்ல விரும்பியவர்

இரமாபாய் பக்தி மிக்கவர். நோன்பும் பூசையும் தவறாதவர். பண்டரிபுரம் சென்று விட்டலனைக் கண்ணாரக் காண வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் விருப்பம். மராத்திய நாட்டினருக்குப் பண்டரிபுரம் எத்தகையது என்பதைத் திருவில்லிபுத்தூர் மண்ணில் பிறந்த நமக்கு விளக்கிச் சொல்ல வேண்டுவதில்லை. ஆண்டாள் பாடிய அத்திருமாலின் வடிவமே அங்கு விட்டலன். பதினான்காம் நூற்றாண்டில் வாழ்ந்த மகார் குலத்து அடியாராகிய சோகாமேளர் அவ்விறைவனை உருகிப் பாடியவர். ஆனால் அவருடைய நினைவிடம் கோயிலின் உள்ளே இல்லை. வாயிற்படிக்கு வெளியே அமைந்துள்ளது. தில்லைக்குப் போக ஏங்கிய நந்தனாரை நாம் அறிவோம் அல்லவா? சோகாமேளர் மராத்திய நாட்டின் நந்தனார்.

இரமாபாய் தம் விருப்பத்தைச் சொன்ன போதெல்லாம் அண்ணல் மறுத்தார். கணவன் மனைவியின் பக்தியை மதிக்காத செயல் அன்று அது. தீண்டத்தகாதார் கோயிலுக்குப் புறத்தே எட்டி நின்று வணங்கித் திரும்ப வேண்டும். தம் மனைவி அவ்வாறு நிறுத்தப்படுவதை அவர் உள்ளம் ஒப்பவில்லை. அடியாரைத் தள்ளி நிறுத்தும் பண்டரிபுரம் வேண்டாம், நம் நல்வாழ்வாலும் தொண்டாலும் தியாகத்தாலும் வேறொரு பண்டரிபுரத்தை நாமே படைப்போம் என்று அவர் தேற்றியதாக வரலாற்றாசிரியர் கூறுவர்.

நம் பாட்டிமாரும் இதனை அனுபவித்தவர்களே. திருவில்லிபுத்தூரின் பதினொரு நிலைக் கோபுரம் நெடுந்தொலைவிலிருந்தே தெரியும். நாற்று நடும் வயலிலிருந்து அதனை நோக்கிக் கைகூப்பிய மகளிர், அதன் வாயிலைக் கடக்க இயலாதிருந்த காலம் ஒன்று உண்டு. 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் மதுரை மீனாட்சியம்மன் கோயிலில் வைத்தியநாத ஐயர் தலைமையில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசமும், அதனைத் தொடர்ந்து சென்னை மாகாணத்தில் வந்த சட்டங்களுமே அக்கதவுகளைத் திறந்தன. பண்டரிபுரமோ, சானே குருஜி உண்ணாநோன்பு இருந்த பின்னர், 1947-ஆம் ஆண்டு மே மாதத்தில்தான் திறந்தது. அதற்குள் இரமாபாய் மறைந்து பன்னிரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன.

1935 மே 27

1930-களின் தொடக்கத்தில் அண்ணல் பம்பாய் தாதரில் இராசகிருகம் என்னும் இல்லத்தைக் கட்டினார். புத்தர் பெருமான் உலவிய மகத நாட்டுத் தலைநகரின் பெயரையே அதற்குச் சூட்டினார். நூல்களுக்கென்றே திட்டமிட்டுக் கட்டிய வீடு அது. பரேலின் இரண்டு அறைகளில் பல்லாண்டு இடர்ப்பட்ட இரமாபாய்க்கு நல்ல வீடு வாய்த்த காலத்தில், உடல்நலம் வாய்க்கவில்லை. வறுமையும், அடுத்தடுத்து நேர்ந்த மகப்பேறும், புத்திர சோகமும் அவரை உருக்கிவிட்டிருந்தன.

ஓய்விற்காக அவர் தார்வாடில் தங்கியிருந்தபோது நடந்ததாக ஒரு நிகழ்ச்சியைச் சொல்வர். அங்கிருந்த தாழ்த்தப்பட்ட மாணவர் விடுதிக்கு உரிய உதவித்தொகை வந்து சேராமையால் பிள்ளைகள் பட்டினி கிடப்பதை அறிந்த அன்னை, தம் கைவளையல்களைக் கழற்றிக் கொடுத்து, அவற்றை அடகு வைத்து உணவுப் பொருள் வாங்கச் செய்தாராம். மாமனார் மகனின் நூலுக்காக நகையை அடகு வைத்தார்; மருமகளோ ஊரார் பிள்ளைகளின் சோற்றுக்காக வைத்தார்.

மே 27-ஆம் நாள் இராசகிருகத்தில் அன்னையின் உயிர் பிரிந்தது. அண்ணல் அருகில் இருந்தார். பல்லாயிரம் மக்கள் இறுதி ஊர்வலத்தில் நடந்தனர். சடங்குகளில் நம்பிக்கையற்ற அவர், மனைவியின் நம்பிக்கைக்கு மதிப்பளித்து, ஈமக்கடன்கள் முறைப்படி நடைபெற இசைந்தார். தலையை மழித்துக்கொண்டார், காவியுடை பூண்டார், அறைக்குள் தனித்திருந்து அழுதார். வட்டமேசை மாநாடுகளில் பேரரசின் அமைச்சர்கள் முன்னிலையில் கலங்காது வாதிட்ட பெருமகன், இனித் துறவியாகிவிடுவாரோ என்று அன்பர்கள் அஞ்சும் நிலையில் இருந்தார்.

ஆனால் அவர் துறவியாகவில்லை. சூன் மாதத் தொடக்கத்திலேயே பம்பாய் அரசினர் சட்டக் கல்லூரியின் முதல்வர் பொறுப்பு அவரை வந்தடைந்தது. அதனை ஏற்றுக்கொண்டார். மழித்த தலையின் மயிர் வளருமுன்னரே மாணவர்முன் சென்று நின்றார். துயரத்திலிருந்து அவரை மீட்ட முதல் கை கல்வியின் கையே என்பதை, கல்விக் கழகத்தாராகிய நாம் பெருமிதத்துடன் குறித்துக்கொள்ளலாம்.

இயோலா மாநாடு

1935 அக்டோபர் 13-ஆம் நாள் நாசிக் மாவட்டத்தின் இயோலாவில் ஒடுக்கப்பட்டோர் மாநாடு நடந்தது. ஏறத்தாழப் பத்தாயிரம் பேர் கூடினர். நாசிக் காளாராமர் கோயிலில் நுழைவதற்காக 1930 மார்ச்சு 2-ஆம் நாள் தொடங்கிய அறப்போர், ஐந்தாண்டுகளில் எவ்வளவு துன்பத்தைத் தந்தது, எவ்வளவு சிறிய பயனையும் தரவில்லை என்பதை அண்ணல் விளக்கினார். தீண்டத்தகாத இந்துவாகப் பிறந்தது தம் கையில் இல்லை, இந்துவாக இறவாமல் இருப்பது தம் கையில் உள்ளது என்னும் கருத்தை அங்கு அறிவித்தார். கோயில் நுழைவுப் போரைக் கைவிட மாநாடு தீர்மானித்தது.

இம்முடிவைத் துயரத்தின் விளைவு என்று மட்டும் சொல்லிவிடுதல் அண்ணலுக்கு நாம் செய்யும் அநீதியாகும். மதமாற்றம் பற்றிய சிந்தனை 1929-லேயே அவரிடம் தோன்றியிருந்தது. 1932 ஆகஸ்டில் கிடைத்த தனி வாக்காளர் தொகுதி உரிமையை, காந்தியடிகளின் உண்ணாநோன்பை அடுத்து, செப்டம்பர் 24-ஆம் நாள் பூனா ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. ஒதுக்கப்பட்ட இடங்கள் 71-லிருந்து 148 ஆக உயர்ந்தபோதிலும் அப்புண் ஆறவில்லை. 1934 மார்ச்சில், நாசிக் போராட்டத்தை முன்னின்று நடத்திய பாவுராவ் கெய்க்வாடுக்கு எழுதிய மடலில், கோயில் நுழைவுப் போரை நிறுத்தி, ஆற்றலை அரசியலிலும் கல்வியிலும் செலுத்துமாறு அவரே அறிவுரை கூறியிருந்தார். ஆக, அறிவு முன்னரே முடிவுக்கு வந்துவிட்டது.

எனினும், அறிந்தது வேறு. அறிந்ததை ஊரறியச் சொல்லிவிட்டுத் திரும்பாமல் நடப்பது வேறு. எந்தக் கோயிலின் வாயிலில் தம் மனைவி நிறுத்தப்படுவாரோ என்று அஞ்சினாரோ, அந்த வாயிலின்மேல் விருப்பம் கொண்டிருந்த உயிர் இப்போது இல்லை. அந்த வீட்டில் அக்கதவு திறக்கும் என்று காத்திருப்பவர் எவரும் இல்லை. துயரம் அவருக்குப் புதிய கருத்தைக் கொடுக்கவில்லை, தயக்கத்தை எடுத்துவிட்டது. இதுவே நம் துணிபு.

பாதை விரிந்தது

இதன் பின்னர் அண்ணலின் அரசியல் முழுமையாகத் திசை மாறியது. இலாகூர்ச் சாதி ஒழிப்புச் சங்கம் தலைமையுரைக்கு அழைத்துப் பின்னர் மாநாட்டையே கைவிட்டபோது, அவ்வுரையைத் தம் செலவில் 1936 மே மாதம் நூலாக வெளியிட்டார். சாதியை ஒழிக்கும் வழி எனும் பெயரில் தமிழிலும் பரவிய நூல் அதுவே. அன்னையின் முதலாண்டு நினைவு நாள் கடந்த சில நாட்களில், மே மாதக் கடைசியில், பம்பாயில் கூடிய மகார் மாநாட்டில், விடுதலைக்கு வழி எது என்பதை விரிவாக எடுத்துரைத்தார். நம் மாகாணத்தின் எம். சி. இராஜா உள்ளிட்ட தலைவர் சிலர் மதமாற்றக் கருத்தை ஏற்கவில்லை. அண்ணலும் அவசரப்படவில்லை, இருபத்தொரு ஆண்டுகள் ஆராய்ந்தார்.

1936 ஆகஸ்டில் அவர் தொடங்கிய சுதந்திரத் தொழிலாளர் கட்சி, சாதிக் கொடுமையோடு நிலவுடைமைக் கொடுமையையும் எதிர்த்தது. 1937 செப்டம்பரில், கொங்கணத்துக் குத்தகையாளரை வாட்டிய கோத்தி முறையை ஒழிக்க மசோதா கொண்டுவந்தார். வேலைநிறுத்த உரிமையைக் குறைக்கும் சட்டத்தை எதிர்த்து 1938 நவம்பர் 7-ஆம் நாள் பம்பாய் ஆலைத் தொழிலாளருடன் தெருவில் இறங்கினார். கோயில் வாயிலில் நின்று உள்ளே விடுங்கள் என்று கேட்ட காலம் முடிந்தது. சட்டம் இயற்றும் இடத்தில் அமர்ந்து உரிமையை எழுதும் காலம் தொடங்கியது.

1940-ஆம் ஆண்டின் இறுதியில் வெளியான பாகிஸ்தான் பற்றிய தம் நூலை அன்னையின் நினைவிற்குக் காணிக்கையாக்கினார். நண்பரற்ற வறுமை நாட்களில் தம்மோடு துன்பத்தைப் பகிர்ந்துகொண்ட அவருடைய உள்ளத் தூய்மையையும் கலங்காத உறுதியையும் அதில் போற்றியுள்ளார். 1948 ஏப்ரலில், உடல்நலம் குன்றிய நிலையில், மருத்துவர் சாரதா கபீரை மறுமணம் செய்துகொண்டார். அவ்வம்மையாரே பின்னர்ச் சவிதா அம்பேத்கர் என அழைக்கப்பெற்றார்.

சட்ட அமைச்சராக இருந்தபோது, மகளிர்க்குச் சொத்துரிமையும் மணவிலக்கு உரிமையும் வழங்கும் இந்துச் சட்டத் தொகுப்பு மசோதாவை நிறைவேற்றப் பாடுபட்டார். அது முடக்கப்பட்டமை உள்ளிட்ட காரணங்களால் 1951 செப்டம்பரில் பதவி விலகினார். பெண்ணுக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுக்கத் தவறிய தம் இளமைக்கால வாழ்வின் நினைவு அவர் நெஞ்சில் இருந்திராது என்று யார் சொல்ல முடியும்?

1956 அக்டோபர் 14-ஆம் நாள், நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தம் தழுவினார். தமிழ் மண்ணில் அயோத்திதாசப் பண்டிதர் 1898-லேயே அவ்வழியைக் காட்டியிருந்தார். பேராசிரியர் இலட்சுமி நரசு எழுதிய பௌத்த நூலை 1948-இல் அண்ணலே முன்னுரையுடன் மறுபதிப்பாக வெளிக்கொணர்ந்தார். இரமாபாய்க்கு வாக்களித்த வேறொரு பண்டரிபுரம் நாகபுரியின் தீட்சை நிலத்தில் உருவாயிற்று. அதன்பின் இரண்டு மாதமும் நிறையவில்லை. திசம்பர் 6-ஆம் நாள் அண்ணல் மறைந்தார்.

நம் வட்டாரம் பெற்ற பயன்

1950 சனவரி 26-ஆம் நாள் அரசமைப்புச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோது, சென்னை மாகாணத்தின் முதலமைச்சராக இருந்தவர் நம் இராசபாளையத்துப் பூ. ச. குமாரசாமி ராஜா. அவரும் பிறந்த சில நாட்களில் தாயையும், பின்னர்ச் சிறு குழந்தையாக இருக்கும்போதே தந்தையையும் இழந்து, பாட்டியாரால் வளர்க்கப்பெற்றவர். அவர் ஆட்சிக் காலத்தில், கல்லூரிச் சேர்க்கையில் வகுப்புவாரி ஒதுக்கீட்டு ஆணையை நீதிமன்றம் செல்லாதென்று கூறியது. அவ்வாணையின்படி ஒவ்வொரு பதினான்கு இடங்களிலும் இரண்டு இடங்கள் ஆதிதிராவிட மாணவர்க்கு உரியவை. 1951 ஏப்ரல் 9-ஆம் நாள் உச்ச நீதிமன்றமும் அத்தீர்ப்பை உறுதி செய்தது. தமிழகம் கொதித்தெழுந்தது, தந்தை பெரியார் போராட்டம் நடத்தினார். அவ்வாண்டு சூனில் நாடாளுமன்றம் முதல் திருத்தத்தை நிறைவேற்றி, கல்வியில் பின்தங்கியோர்க்கும் பட்டியல் சாதியினர்க்கும் பழங்குடியினர்க்கும் தனி ஏற்பாடு செய்யும் உரிமையை 15(4) என்னும் உட்பிரிவாகச் சேர்த்தது. அன்று சட்ட அமைச்சராக இருந்து அதனை ஆதரித்து வாதிட்டவர் அண்ணல். நம் பிள்ளைகளுள் மருத்துவராகவும் பொறியாளராகவும் ஆசிரியராகவும் உயர்ந்தோர் ஒவ்வொருவரின் சான்றிதழிலும் அந்த உட்பிரிவு கண்ணுக்குத் தெரியாத மையினால் எழுதப்பட்டிருக்கின்றது.

நாம் செலுத்த வேண்டிய கடன்

இம்மலரின் பக்கங்களில் நன்கொடையாளர் பெயர்களும் நிர்வாகிகள் பெயர்களும் இடம்பெறும். அது நன்றியின்பாற்பட்டது. ஆனால் பெயர் இடம்பெறாத ஒரு கூட்டம் உண்டு. மகனின் கல்லூரிக் கட்டணத்திற்காகத் தாலிக்கொடியை அடகு வைத்த தாய்மார். தம்பியின் படிப்பிற்காகத் தன் படிப்பை நிறுத்திவிட்டு ஆலைக்குச் சென்ற தமக்கைமார். கணவனை இழந்த மறுவாரமே மம்மட்டியைக் கையில் எடுத்தோர். இவர்கள் ஒவ்வொருவரும் ஓர் இரமாபாயே.

ஆனால் புகழ்ந்து பேசிவிட்டு அமைதல் போதாது. அரை மணி நேரமும் ஒதுக்க இயலவில்லையே என்று அண்ணல் வருந்தி எழுதினாரே, அவ்வருத்தத்தை நாம் ஒரு பாடமாகக் கொள்ள வேண்டும். பெண்ணின் தியாகத்தைப் போற்றும் சமுதாயத்தைவிட, அத்தியாகம் தேவைப்படாத சமுதாயமே மேலானது. மகனைப் படிக்க வைக்க மகளை நிறுத்தும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றும் ஒழிந்துவிடவில்லை. அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளில் ஒழிந்தாக வேண்டும். செண்பகத்தோப்பின் பளியர் குடியிருப்பிலிருந்தும் நம் தெருக்களிலிருந்தும் பள்ளிக்குப் புறப்படும் பெண்குழந்தை எவளும், வீட்டில் ஒரு சாவு நேர்ந்தது என்பதற்காகப் பாதி வழியில் திரும்பிவிடலாகாது. அத்தகைய வீட்டிற்கு ஆறுதல் சொல்லப் போகும் நாம், பிள்ளையின் பள்ளிக் கட்டணத்திற்கும் பொறுப்பேற்றுத் திரும்ப வேண்டும்.

அண்ணல் 1945-ஆம் ஆண்டு சூலையில் மக்கள் கல்விக் கழகத்தை நிறுவி, மறு ஆண்டு பம்பாயில் சித்தார்த்தர் கல்லூரியைத் தொடங்கினார். பள்ளியையே காணாத ஒரு பெண்மணி, பசித்த மாணவர்க்காக வளையலைக் கழற்றிக் கொடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் அக்கல்லூரி எழுந்தது. நம் கழகமும் அந்த வளையலின் வழிவந்ததே. அக்கடனை அடைக்க நமக்கு இருக்கும் வழி ஒன்றே: படித்தவர் ஒவ்வொருவரும் இன்னொருவரைப் படிக்க வைப்பது.